பூங்கொடியை எவனும் அடிக்கவில்லை

என் கண்ணு பூங்கொடிக்கு,

நேற்றுப் பேளுக்குறிச்சிச் சந்தையில் உன் மாமியாரைப் பார்த்தேன். பலாப்பழம் விற்க மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். "ஏஞ்சாமி, நல்லாருக்கறயா?" என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன்னை மண்ணுக்குள் வைத்துவிட்டு நான் எப்படிக் கண்ணு நல்லா இருப்பேன்?

உன் வீட்டுக்காரர் எச்.ஐ.வி.யை உனக்குக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதையாவது ஊர் விட்டது. உன் கையும் தொடையும் கருநீலமாகக் கன்றியபோதுதான் விடவில்லை. "புருசன் செத்து வருசமாச்சு. எவன்டி அடிச்சான்?"

கோயிலுக்கு இழுத்துப் போய்க் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, "என்னைய ஒருத்தனும் தொடலீங்க" என்றாய். மறுநாள் உன் மேல்கையில் ஐந்து விரல் தடம். கோயிலுக்குப் போகையில் உன் கொழுந்தன் பிடித்து இழுத்த தடம்தான் அது. "பாத்தீங்களா, பொய்ச் சத்தியம்னு ஆத்தாளே காட்டிட்டா" என்றார் உன் மாமியார். அந்தத் தடத்தை அவன் கையோடு ஒருத்தராவது வைத்துப் பார்த்தாரா?

டவுன் ஆஸ்பத்திரி மட்டும் என்ன வாழ்ந்தது? ஈறில் ரத்தம் கசியக் கசிய உன்னைக் கூட்டிப் போனேன். டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை. "இந்த நோய்னா இப்படித்தாம்மா. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ." அந்த மாதமே தலைக்குள் ரத்தம் கசிந்து போய்விட்டாய்.

இப்போது கேள். நோய் உள்ள பெண்கள் கூடுகிற ஓரிடத்தில் நான் சமைக்கிறேன். அங்கே ஒரு பாய் வீட்டுப் பெண் வந்தாள். தன் பேரை எங்கும் எழுத வேண்டாம் என்றாள். உன் கை மாதிரியே கன்றிப்போன கை. சேலத்தில் வேறொரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன்.

"கிருமிய எதிர்க்க ஒடம்பு எதிர்ப்பொருள்னு ஒண்ண உண்டாக்குமுங்க. இந்த நோய்ல சிலருக்கு அது தடுமாறிச் சொந்த ரத்தத்தையே தாக்கும். ரத்தம் உறையறதுக்கு வேணுங்கற அணு அழிஞ்சுரும். அப்புறம் சும்மா புடிச்சாலே கன்னிப்போகும்" என்றார் அந்த அம்மா. மாத்திரை கொடுத்தார். அவள் கை தெளிந்துவிட்டது. "அக்கா, இனி கண்ணாடி வளையல் போட்டுக்கலாமா?" என்று சிரிக்கிறாள்.

மாத்திரை, கண்ணு! எல்லாருக்கும் கேட்காதாம். கேட்காமலே போகட்டும், உனக்குக் கொடுத்துப் பார்க்கவாவது வேண்டாமா?

சந்தையில் உன் மாமியாரிடம் எல்லாம் சொன்னேன். "போனவளப் பத்தி இப்ப என்னத்துக்குச் சாமி" என்று பழத்தைத் திருப்பி வைத்தார்.

என்னத்துக்கா? ஆடித் திருவிழாவுக்கு மலை ஏறுகிறேன். அதே கோயிலில் கற்பூரத்தை என் கையால் அணைத்து, என் தங்கச்சியை எவனும் அடிக்கவில்லை என்று ஊர் கேட்கச் சத்தியம் செய்வேன். மறுநாளும் அங்கேயே நிற்பேன். வந்து என் மேல்கையைப் பார்க்கட்டும்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா,
செல்லாயி