அக்கா குரலை எடுத்து வைத்தோம்

மார்ச் 4, டெர்பி

அக்கா போய் ஒன்பது நாள். வெயில். குழாயில் வெந்நீர்தான் வருகிறது. நான் இன்னும் அழவில்லை. அவள் பெயரை இங்கேகூட எழுதப் போவதில்லை. எங்கள் பூர்வகுடிச் சனத்தில் ஒருவர் செத்தால் கொஞ்ச காலத்துக்கு அவர் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

மார்ச் 6

மெல்பர்ன் பதிப்பகத்திலிருந்து ஹெலன் பேசினாள். நான் எழுதி அக்கா வாசித்த நண்டுக் கதை, சிறுவர் ஒலிப்புத்தகப் பரிசுக்கு இறுதிப் பட்டியலில் வந்திருக்கிறதாம். "விழாவுல உங்க அக்கா குரலத்தான் முதல்ல போடப்போறோம். ரேடியோவுலயும் வரும்" என்றாள். சரி என்றேன்.

சரி என்றேனே! எனக்கென்ன புத்தி கெட்டுவிட்டதா?

மார்ச் 7

கிளாரி மாமா படகுத்துறையில் இருந்தார். சொன்னேன். தூண்டிலைக் கீழே வைக்கவில்லை.

"ஏண்டி டோரீன், செத்தவ குரல ஊரெல்லாம் போட்டா அவ எப்படிடி போவா? பாதி வழியில திரும்பிப் பாத்துக்கிட்டே நிப்பா."

"பரிசு போயிடும் மாமா."

"போகட்டும். எடுத்து வை. எப்ப வெளிய எடுக்கலாம்னு நான் சொல்றேன்."

மார்ச் 8

ஹெலனிடம் பரிசு வேண்டாம், கடையிலிருந்தும் எடுத்துவிடுங்கள் என்றேன். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு, "நான் பாத்துக்கறேன்" என்றாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கஷ்டம் பரிசில் இல்லை. அக்கா மகள் டெஸ்ஸாவுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் போனில் அம்மா வாசித்த கதையைத்தான் போட்டுக் கேட்பாள். போனிலிருந்து எடுத்து, ஒரு பென் டிரைவில் போட்டு மாமாவிடம் கொடுத்தேன். தூண்டில் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"சின்னம்மா, எங்கம்மாவ எங்க வச்ச?"

"தாத்தாகிட்ட."

வேறென்ன சொல்வேன்?

ஏப்ரல் 19

விழா முடிந்தது. பரிசு வேறு யாருக்கோ. ரொட்டி சுட்டேன், அடி கருகிவிட்டது.

ஜூன் 2

டெஸ்ஸா நண்டுக் கதையின் அச்சுப் புத்தகத்தை மடியில் வைத்து எழுத்துக் கூட்டுகிறாள். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

நவம்பர் 11

முழுவதும் வாசித்துவிட்டாள். என்னை ஒரு இடத்திலும் கேட்கவில்லை.

மே 23, இரண்டு வருடம் கழித்து

காலையில் மாமா பெட்டியோடு வந்தார். "போதும். அவ போய்ச் சேந்திருப்பா. புள்ளைக்குப் போடு."

போட்டேன். அக்கா குரல். டெஸ்ஸா புத்தகத்தைத் திறந்து விரலால் தொடர்ந்துகொண்டே வந்தாள். பதினோராம் பக்கத்தில் விரல் நின்றது.

"சின்னம்மா! அம்மா ஒரு வரிய விட்டுட்டாங்க!"

மறுபடி போட்டுக் கேட்டேன். ஆமாம். 'நண்டு வீடு வந்து சேர்ந்தது.' அந்த வரியைக் காணோம். நடுவர்கள் கவனிக்கவில்லை. எழுதியவள் நான், நானும் கவனிக்கவில்லை.

"பரவால்ல, நான் சொல்லிக்கறேன்" என்றாள். திரும்ப முதலிலிருந்து போட்டாள். அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள், வரியைச் சத்தமாக வாசித்தாள், அம்மாவைத் தொடரவிட்டாள்.

"டீ ஆறுது, மூஞ்சியத் தொடச்சிக்கிட்டுக் குடிடி" என்றார் மாமா. அப்போதுதான் தெரிந்தது, நான் அழுதுகொண்டிருக்கிறேன்.