பிரிக்காத ஐந்து கடிதங்கள்

என் பக்கத்து சீட்டுக்காரிக்கு,

இன்று காலை வேதாகமத்தைத் திறந்தபோது தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. ராஜாக்களின் கதை வருகிற பக்கத்தில் உன் கொண்டை ஊசியைச் செருகி வைத்திருக்கிறேன். அதிலிருந்து இறங்கிய எண்ணெய் தாளில் வட்டமாக ஊறிக் கிடக்கிறது. நீ போய் மூன்று வருடமாகிறது, இன்னுமா வாசனை இருக்கும் என்று கேட்பாய். எனக்கு வந்தது, அவ்வளவுதான்.

வாசனையோடு பஸ்ஸும் வந்துவிட்டது. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போகிற கம்பெனி பஸ். நீ மண்ணூரில் ஏறி எனக்காக ஜன்னலோர சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்திருப்பாய். நான் ஸ்ரீபெரும்புதூரில் ஏறுவேன். உள்ளே முப்பது பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள். வெளியே ஏரி முழுக்கப் பனி மூடியிருக்கும். அதற்கு நடுவே விளக்கு எரியும் தொழிற்சாலைகள் தண்ணீரில் மிதப்பது போலத் தெரியும். நாம் இரண்டு பேரும் மட்டும் அரைத் தூக்கத்தில் பேசிக்கொண்டே போவோம். சில நாள், நேற்று பேசியது நிஜமா கனவா என்று உன்னையே கேட்டிருக்கிறேன். "ரெண்டும்தான், சும்மா வா" என்பாய்.

நான் தெற்கிலிருந்து கல்யாணமாகி வந்தவள், சபைக்குப் போகிறவள். நீ இந்த மண்ணிலேயே பிறந்தவள், நெற்றியில் அம்மன் கோவில் குங்குமம். காருக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுகிற லைனில் எதிரெதிரே நின்றோம். அந்த லைன் நம்மைத் தோழிகளாக்கியது.

நாம் பழகத் தொடங்கிய வருடம்தான் என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவோடு கவிழ்ந்து காலை உடைத்துக்கொண்டார். ஆட்டோ கடனில் வாங்கியது. அவர் கட்டிலில், வண்டி வாசலில், தவணை பாக்கியில். ஃபைனான்ஸ் ஆபீசிலிருந்து பதிவுத் தபால் வரத் தொடங்கியது. புது நம்பரில் போன் அடித்தால் எடுக்க மாட்டேன். தபாலை மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்?

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் அந்த ராஜாவின் கதையைச் சொன்னார். எதிரி மிரட்டிக் கடிதம் அனுப்புகிறான். ராஜா அதை ஆலயத்துக்குக் கொண்டுபோய் ஆண்டவருக்கு முன்னால் வைத்து ஜெபிக்கிறான், விடுதலை வருகிறது. எனக்கென்றே சொன்னது போல இருந்தது. வந்த கடிதங்களை உறை பிரிக்காமல், கண்ணீரோடு ஜெபித்து, அந்தக் கதை இருக்கிற பக்கத்திலேயே வைத்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து. வீட்டில் வைத்தால் அவர் பார்த்துவிடுவார் என்று வேதாகமத்தையே பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன். இதற்கிடையில் சபையில் எழுந்து, ஒரு குறையும் இல்லாமல் கர்த்தர் நடத்துகிறார் என்று சாட்சி வேறு சொன்னேன். நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

பஸ் ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டதில் பை சரிந்தது. வேதாகமம் உன் மடியில் விழுந்தது.

"இன்னா சலோமி, உன் புக்கு புள்ளத்தாச்சி மாதிரி கீது?" என்றாய்.

நான் மறைக்கப் பார்த்தேன். நீ விடுகிறவளா? எல்லாவற்றையும் சொன்னேன், ராஜா கதை உட்பட. நீ பனியைப் பார்த்துக்கொண்டே கேட்டாய். பிறகு மெதுவாகத் திரும்பினாய்.

"அந்த ராஜா லெட்டரைப் பிரிச்சு வச்சாரா, ஒட்டினபடியே வச்சாரா?"

எனக்குக் கோபம் வந்தது. சபை வாசலை மிதிக்காதவள் எனக்கு வேதம் சொல்ல வந்துவிட்டாளா என்று நினைத்தேன். உன்னை மடக்கத்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். ராஜா கடிதத்தை வாங்குகிறான். வாசிக்கிறான். அதற்குப் பிறகுதான் ஆலயத்துக்குப் போகிறான். பத்து முறையாவது படித்த இடம், அந்த 'வாசிக்கிறான்' என் கண்ணில் பட்டதே இல்லை.

"பிரிச்சுத்தான் வச்சாரு" என்றேன்.

"உங்க சாமிக்கு உள்ள இன்னா கீதுன்னு தெரியும். உனக்குத்தான் தெரியல" என்று சொல்லி, கொண்டையிலிருந்து ஊசியை உருவி என் கையில் கொடுத்தாய்.

ஊசியால் முதல் உறையைக் கிழித்து, உதடு அசையாமல் படித்தேன். "மனசுக்குள்ள படிக்காத. எனக்குக் கேக்கிற மாதிரி படி" என்றாய். தூங்குகிற முப்பது பெண்களுக்கு நடுவே, என் கடனை முதல் தடவையாக என் காதாலேயே கேட்டேன். நான் பயந்து கற்பனை செய்திருந்த தொகையைவிடக் குறைவாகத்தான் இருந்தது. கடைசிக் கடிதத்தில், வருகிற சனிக்கிழமைக்குள் நேரில் வந்தால் தவணையைக் குறைத்துப் பேசலாம், இல்லையென்றால் வண்டியைத் தூக்குவோம் என்று எழுதியிருந்தது. அன்று வியாழக்கிழமை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இத்தனை நாளும் இதைத் தனியாவா சுமந்த?" என்று கேட்டு அழுதார். ஐந்து கடிதங்களையும் கட்டிலில் விரித்து, தொகையைச் சொல்லி, பயத்தைச் சொல்லி இரண்டு பேரும் ஜெபித்தோம். ஆண்டவரிடம் நான் மழுப்பாமல் பேசியது அன்றுதான். மறுநாள் நீயும் என்னோடு லீவு போட்டாய், உனக்கும் அட்டெண்டன்ஸ் போனஸ் போனது. ஃபைனான்ஸ் ஆபீசில் நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் முதுகுக்குப் பின்னால் நின்றாய். நான் பேசினேன். என் குரல் உடையவில்லை. அந்தத் தைரியம் யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும், யார் வழியாக வந்தது என்றும் தெரியும். வண்டி எங்களிடமே நின்றது. கடன் முடிய நாலு வருடமானது, அது வேறு கதை.

அந்த நாலு வருடத்தின் கடைசியில் ஒரு காலை, எனக்கு வைக்கிற ஜன்னலோர சீட்டில் நீயே உட்கார்ந்திருந்தாய். பையிலிருந்து ஒட்டியபடி ஒரு உறையை எடுத்தாய். ஸ்கேன் எடுத்த இடத்தின் முத்திரை.

"ஒரு வாரமா பையில கீது. நீ பிரி."

ஊசியையும் நீயே உருவிக் கொடுத்தாய். நான் மனசுக்குள் படித்தேன். "எனக்குக் கேக்கிற மாதிரி" என்றாய். கேன்சர் என்ற அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னது இந்த வாய்தான். ஏரி கடந்து போகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாய்.

"சரி. அப்ப சூப்பர்வைசர்கிட்ட நாளைக்கு லீவு சொல்லணும்."

மருத்துவமனையில் உன் தலைமுடியெல்லாம் கொட்டியபின் ஊசியை என்னிடம் நீட்டினாய். "எனக்கு எதுக்கு இனிமே? உனக்குத்தான் லெட்டரா வந்துகினு கீது." சிரித்தாய். நான் ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன். "பண்ணு. இன்னா வியாதின்னு பேரைச் சொல்லிக் கேளு" என்றாய். சொல்லித்தான் கேட்டேன். சுகம் கிடைக்கவில்லை, நீ போய்விட்டாய். அதற்காக ஆண்டவரிடம் பல மாதம் சண்டை போட்டேன், அதையும் மறைக்கவில்லை.

இன்று காலை பதிவுத் தபால் வந்தது. மகளின் நர்சிங் படிப்புக் கடன். அவளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, வங்கி கேட்கத் தொடங்கிவிட்டது. பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது. அதற்காகத்தான் வேதாகமத்தைத் திறந்தேன், ஊசியை எடுத்தேன். உறையைக் கிழித்து, முதல் வரியிலிருந்து கடைசித் தொகை வரை வீடு முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன். அதற்குப் பிறகுதான் எண்ணெய் வட்டத்தின் மேல் அதை விரித்து வைத்தேன்.

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "எனக்குக் காது நல்லாத்தானே கேக்கு? எதுக்கு இவ்வளவு சத்தம்?" என்றார்.

சும்மாதான் என்றேன். உனக்குக் கேட்க வேண்டாமா?