நர்ஸ் சொன்ன ‘புல்டு த்ரூ’

அன்புள்ள அண்ணா,

மாடிக்கு ஏறுமுன் இதைப் படித்துவிடு என்றுதான் வரவேற்பறையில் கொடுத்துவைத்திருக்கிறேன்.

நேற்று ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ், அம்மா “புல்டு த்ரூ” என்றாள். புல் என்றால் இழு என்பதுதான் நான் கற்ற இங்கிலீஷ். அம்மாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அதைச் சிரித்துக்கொண்டு ஏன் சொன்னாள் என்றுதான் விளங்கவில்லை. அழுதுகொண்டே உனக்குத் தகவல் அனுப்பினேன். ஆறு வருடம் பேசாத நீ, “கிளம்பிட்டேன்” என்றாய்.

உள்ளே போனால் அம்மா, “என் கண்ணாடி எங்கடி?” என்று அதட்டுகிறாள். ‘புல்டு த்ரூ’ என்றால் பிழைத்துக்கொண்டாள் என்று அர்த்தமாம்!

தெரிந்த பிறகும் உன்னிடம் சொல்லவில்லை. ஏனென்று எனக்கே குழப்பம். நீ வருவதை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். “நிஜமாவே வரானா?” என்று நாலு தடவை கேட்டுவிட்டாள்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எதற்காக வந்தாய் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

உன் தங்கை