ஷபானாவுக்கு இல்லாத லீவு

நவம்பர் 18, செவ்வாய்

இன்று ஷபானா தி.நகர் ஆபீசுக்கே வந்துவிட்டாள். ஏழு மாத வயிற்றோடு திருவல்லிக்கேணியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். டென்மார்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள். அவர்களுக்காக இங்கே ஆள் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

"அக்கா, பிரசவத்துக்கு எத்தினி மாசம் லீவு குடுப்பாங்க?"

ஒப்பந்தப்படி அவள் ஊழியரே இல்லை, கன்சல்டன்ட். லீவு கிடையாது, பி.எஃப். கிடையாது, வேலை பார்க்காத மாதத்துக்குச் சம்பளமும் கிடையாது. சொன்னேன். கையிலிருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. போன வருஷம் அந்தக் கம்பெனி மெயிலில் கேட்டது: உங்கள் நாட்டுச் சட்டப்படி ஆட்களை எப்படி வேலைக்கு எடுக்க வேண்டும், எல்லாச் சலுகையும் தரத் தயார் என்று. ஊழியராக எடுத்தால் ஃபாரம், பதிவு, அலைச்சல் எல்லாம் என் தலையில். "இங்கே கன்சல்டன்டாக எடுப்பதுதான் வழக்கம்" என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அப்படியே நம்பினார்கள்.

ராத்திரி சாப்பிட்டபின் லேப்டாப்பைத் திறந்தேன். தப்பு என்னுடையது என்று அவர்களுக்கு எழுதலாம். எழுதினால் என் வேலை... மூடிவிட்டேன்.

கிளம்பும்போது அவள் என்னைத் தேற்றியதுதான் தூங்கவிடாமல் செய்கிறது.

"வுடுங்கக்கா, வெளிநாட்டுக்காரன் அப்டித்தான் இருப்பான். நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்."

"ஆமாம்மா" என்றேன்.