மயிலத்தில் இறக்காத முடி

திண்டிவனம்,
2-5-2004

அன்புள்ள இருதயமேரி அக்காவுக்கு,

கெங்கம்மாள் எழுதிக்கொண்டது. வீட்டில் எல்லாரும் சுகம். உங்களைக் கர்த்தரும் எங்கள் முருகனும் சேர்ந்தே காக்கட்டும். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தபோது நாம் ஒருவரை மட்டுமா கூப்பிட்டோம்?

மகள் கலைப்பிரியாவுக்குப் பெருமுக்கலில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. வைகாசியில் கல்யாணம். நம்மைப் போல் பிழைத்தவர்கள் மாதாமாதம் விழுப்புரத்தில் கூடிப் பேசுகிறார்கள், வா என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்காரர் விடவில்லை. "யார்னா பாத்துட்டா? அம்மாவுக்கு மார்ல புத்துநோய்னா பொண்ணுக்கும் வரும்னு சொல்லுவாங்க" என்று ஒரே பிடி. ஊர் வாயும் அப்படித்தானே அக்கா.

மருந்தில் முடி கொட்டியபோது, மயிலத்தில் வேண்டுதலுக்கு இறக்கியதாக இவரே ஊரெல்லாம் சொல்லி வைத்தார். இப்போது சம்பந்தியம்மா, "என்னா வேண்டிக்கினீங்க, பலிச்சுதா?" என்று கேட்கிறாள். பொண்ணுக்கு நல்ல வரன் கேட்டேன் என்றேன். அந்த அம்மாள் உருகிப்போய், கல்யாணம் முடிந்ததும் ரெண்டு பேருமாக மயிலம் போய் முடி இறக்கலாம் என்கிறாள். இந்த மனுஷன் சரி சரி என்று தலையாட்டுகிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போதுதான் பின்னல் போடும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அந்த மொட்டைத் தலையை இன்னொரு தரம் கண்ணாடியில் பார்க்க என்னால் ஆகாது. மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. சாமி காரியமாயிற்றே.

ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்குகிறது. மல்லாட்டைச் செடி பிடுங்கப் போகாததற்குப் பக்கத்து வீட்டுப் பூமாலை, "கெங்கா மகாராணி ஆயிட்டா" என்று களத்திலேயே சொன்னாள். பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

இவர் கெட்டவர் இல்லை. மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுப்பார். மறுபடி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்தால் மட்டும், "அதான் சரியாப்பூடுச்சே, இன்னும் என்னாத்துக்கு அதையே பேசிக்கினு கீறே" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிறார். நோயோடு இருந்தபோதாவது அழ முடிந்தது அக்கா.

பத்திரிகை இத்துடன் வைத்திருக்கிறேன். முகையூரிலிருந்து முதல் நாளே வந்துவிடுங்கள். எப்படிப் பழக்கம் என்று யாராவது கேட்டால் துணிக்கடையில் என்று சொல்லுங்கள். இதற்காக என்னை மன்னிக்க வேண்டும். பிள்ளைகளை ஆசீர்வதித்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறாய் என்று ஒரு தரம் கேளுங்கள். நல்லா இருக்கேன் என்று சொல்வேன். நம்பிவிடாதீர்கள்.

உங்கள் தங்கை,
கெங்கம்மாள்