முப்பது மீட்டர் வயரும் ஒரு கறுப்பு டேப்பும்

என் அன்பு மாப்பிள்ளை தனசேகரா,

நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் டெம்போ ஓட்டிக்கொண்டே மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமையோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. ஒரு வாரமாக உன் மேல் அப்படியொரு கோபம். செத்தவன் மேல் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? சட்டையைப் பிடித்து உலுக்கக்கூட முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. குருசுக்குப்பத்தில் உன் வீட்டுக்கு ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறோம். கலா நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால் அது பொய். சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள், உன் செருப்பை மட்டும் வாசலிலிருந்து எடுக்க விடமாட்டேன் என்கிறாள். உன் மகள் அமுதா பன்னிரண்டாவது படிக்கிறாள். கோபம் வந்தால் உன்னை மாதிரியே மூக்கைத் தேய்த்துக்கொள்கிறாள்.

ஓட்டுக்காரர்கள் வருவதற்கு முன்னால் பரணைக் காலி செய்யச் சொல்லி என் தங்கச்சி கலா கூப்பிட்டாள். ஏறினேன். பழைய வலை, அமுதாவின் தொட்டில் கம்பு, அதற்கெல்லாம் பின்னால் சாக்குப் போட்டு மூடி ஒரு வயர். எட்டுப் போட்டுச் சுருட்டி, மூன்று இடத்தில் துணி நாடாவால் கட்டி, பிளக்குக்கு பிளாஸ்டிக் பை மாட்டி வைத்திருந்தாய். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான்கு வருஷத்துக்கு முன்னால் காயலான் கடையில் போட்டுவிட்டதாக நீ சொன்ன அதே வயர்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற ஷெட்டில் நீ எலக்ட்ரீஷியன். அங்கே நம் முதலாளி ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், ஏசி, வெந்நீர் எல்லாம் வைத்து ஒரு வீட்டு வண்டியாக்கினார். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கடலோரமாகப் போய்த் தங்குவார்கள். நான் டிரைவர். வயரிங் முழுக்க உன்னுடையது என்பதால் நீயும் கூடவே வருவாய். வண்டியை நிறுத்திய இடத்தில் பக்கத்து வீட்டிலோ லாட்ஜிலோ கரண்ட் கேட்டு, அங்கிருந்து வண்டிவரை அந்த முப்பது மீட்டர் வயரை இழுக்க வேண்டும். கட்டைவிரல் தடிமன். தோளில் மாட்டினால் ஒரு அரிசிச் சிப்பம் கனம்.

அந்த வயரை வைத்து நாம் இரண்டு பேரும் சண்டை போடாத நாள் உண்டா? எல்லாரும் செய்கிற மாதிரி முழங்கையில் சுற்றினால் உள்ளே முறுக்கிக்கொள்ளும், தரையில் எட்டுப் போட்டுத்தான் சுருட்ட வேண்டும் என்பாய் நீ. ஆணியில் மாட்டாதே, அதன் கனமே அதை அறுத்துவிடும், அகலமான கட்டையில் மாட்டு என்பேன் நான். முதலில் வண்டிப் பக்கம் சொருக வேண்டும், அப்புறம் வீட்டுப் பக்கம், கடைசியில்தான் சுவிட்ச். கழற்றும்போது அப்படியே திரும்பி வர வேண்டும். உப்புக் காற்று என்பதால் ஒவ்வொரு தடவையும் துணியால் துடைக்க வேண்டும். நீ ஒரு முனையில், நான் ஒரு முனையில், துடைத்துக்கொண்டே வந்து நடுவில் முட்டிக்கொள்வோம். அப்படி முட்டிக்கொண்ட ஒருநாள்தான் கலாவைப் பெண் கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா?

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. பிளக் பத்தடியில் இருந்தாலும் முப்பது மீட்டரையும் பிரித்துப் போட்டுவிட வேண்டும். சுருளோடு விட்டு ஏசி போட்டால் சுருள் சூடேறி உருகிவிடும். அதில் நாம் இரண்டு பேருமே விட்டுக்கொடுத்ததில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம், கனகசெட்டிக்குளத்துத் தென்னந்தோப்பு. பகல் மூன்று மணி. ஒரு வயசான பிரெஞ்சுக்கார மதாமும் அவர் வீட்டுக்காரரும் வண்டிக்குள் ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் கருகுகிற வாடை வந்தது. எழுந்து பார்த்தால் படிக்கட்டுக்குக் கீழே போட்டிருந்த மிதியடி எரிகிறது. அந்த நேரம் பார்த்து மதாம் கதவைத் திறந்து காலை வைத்துவிட்டார். நான் அவரைத் தூக்கி உட்கார வைத்துக் காலில் தண்ணீர் ஊற்றினேன். நீ ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தாய். நான் திரும்பிப் பார்க்கும்போது வயரைச் சுருட்டி டிக்கிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாய்.

அப்புறம் என் தோளில் கை போட்டு மெதுவாகச் சொன்னாய். "படிக்கட்டாண்ட சுருளப் பிரிக்காம உட்டுட்ட மச்சான்."

நான் பிரித்தேன், தனசேகரா. ஒவ்வொரு வளையமாகப் பிரித்து மணலில் போட்டேன். அப்படித்தான் எனக்கு ஞாபகம். ஆனால் நீ சொன்னதும் அந்த ஞாபகம் கலங்கிவிட்டது. வெயில், அவசரம், மதாம் டீ கேட்டார், ஒருவேளை கடைசி நாலு சுற்றை விட்டிருப்பேனோ? என் கையைவிட உன் கண்ணை நம்பினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு பிரெஞ்சு வார்த்தை சொல்லிக் கொடுத்தாய். "பார்தோன்னு சொல்லு மச்சான், அது போதும். அவங்க புரிஞ்சிக்குவாங்க." காலில் கட்டோடு படுத்திருந்த அந்த அம்மா முன்னால் கைகூப்பிக்கொண்டு "பார்தோன் மதாம், பார்தோன்" என்று அழுதேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

முதலாளி என்னை அன்றைக்கே இறக்கிவிட்டார். "வயர் பிரிக்கத் தெரியாத டிரைவர் எனக்கு வேணாம்" என்று ஷெட்டில் பத்துப் பேர் முன்னால் சொன்னார். நீ பரிந்து பேசினாய் என்று நினைத்து அன்றைக்கு நன்றிகூடச் சொன்னேன். அந்த வண்டி இன்றும் ஓடுகிறது. மேட்டுப்பாளையத்தில் ஆள் இறக்கிவிடும்போது எதிரே வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அதைவிட இன்னொன்று. அன்றிலிருந்து எனக்கு என் கைமேல் நம்பிக்கை போய்விட்டது. டெம்போவை நிறுத்திவிட்டுப் பத்தடி போவேன், ஹேண்ட் பிரேக் போட்டேனா என்று திரும்பி வருவேன். மறுபடி போவேன், மறுபடி வருவேன். வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்ததை மூன்று தடவை பார்ப்பேன். என் பெண்டாட்டி முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். இதை உன்னிடம்தானே சொல்லிப் புலம்பினேன்? கடற்கரையில் உட்கார்ந்து எத்தனை தடவை புலம்பியிருப்பேன்? "உடு மச்சான், யாருக்கும் வர்றதுதான். நானா உன்னத் தப்பா நெனைக்கிறேன்?" என்று சொல்வாய். எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வயரை இறக்கித் தெருவில் நீளமாகப் பிரித்துப் போட்டேன். பழக்கதோஷம், ஒரு துணியை எடுத்து வண்டி முனையிலிருந்து துடைத்துக்கொண்டே போனேன். சுருள் சூடேறியிருந்தால் பக்கத்துப் பக்கத்து வளையமெல்லாம் ஒட்டிக்கொண்டு உருகியிருக்க வேண்டும் இல்லையா? அப்படி எதுவும் இல்லை. வயர் புதுசு மாதிரி இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும், வண்டி முனையிலிருந்து ஐந்தாறு அடியில், ஒரு சாண் அளவுக்குக் கரிக்கட்டை. இரண்டு பக்கமும் கறுப்பு டேப்பின் மிச்சம். நடுவில் அறுந்த கம்பிகளைக் கையால் முறுக்கிவிட்ட ஜாயிண்டு பல்லிளித்துக்கொண்டிருந்தது. சரியாக மிதியடிக்கு அடியில் வருகிற இடம்.

அந்த டேப் எனக்குத் தெரியும். அந்தப் பயணத்துக்கு வண்டியில் வயரை ஏற்றும்போது என் கையில் தட்டுப்பட்டது. என்னவென்று கேட்டேன். "மேல்தோல் லேசா ஒராஞ்சிருக்கு மச்சான், டேப் சுத்திட்டேன்" என்றாய். அதற்கு மேல் நான் ஏன் கேட்கப்போகிறேன்?

தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். கலா டீ எடுத்துக்கொண்டு வந்தாள். "இந்த ஜாயிண்டு எப்பம்மா போட்டாரு?" என்று கேட்டேன். அவள் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஏழு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அமுதா சடங்கு அன்னிக்கிண்ணா. நீ குடிசை கட்டக் குழி போட்டியே, கடப்பாரை இதுமேலதான் எறங்கிச்சி. ரேடியோ செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் மொதலாளிக்குத் தெரியாம வயர எடுத்தாந்து, ஆளுங்க கால் தடுக்கக் கூடாதுன்னு இவருதான் மணலுக்குள்ள பொதச்சி உட்டிருந்தாரு. சாயங்காலந்தான் மொதல்ல சுவிட்சப் போட்டாரு, லைட்டு வரலன்னு தோண்டிப் பாத்தா துண்டாக் கெடக்குது. 'உங்கண்ணங்கிட்டச் சொல்லாத, சீரு கொண்டாந்த மனுசன், மூஞ்சி வாடிப்போவும்'னு சொல்லி அவரே முறுக்கி உட்டாரு. மறு வாரம் அதே வயர் வண்டியில போச்சே, நல்லாதானே ஓடிச்சி? நீதான் சுருளோட உட்டு எரிச்சிட்ட."

கேலியாகத்தான் சொன்னாள். நான்கு வருஷமாக வீட்டில் எல்லாரும் என்னைச் செய்கிற கேலிதான்.

எனக்கு அந்த நாள் அப்படியே வந்தது. அமுதா பெரிய மனுஷியானதற்குப் பச்சை ஓலைக் குடிசை கட்ட வேண்டியவன் தாய்மாமன் நான். புது வேட்டி, தோளில் துண்டு, ஊரே பார்க்கிறது. காலையில் வாசல் மணலில் குழி போடும்போது ஏதோ தட்டியது. வேர் என்று நினைத்து இன்னும் இரண்டு குத்து ஓங்கிக் குத்தினேன். வேர் அறுந்துவிட்டது என்று பெருமையாகக் கம்பை நட்டேன்.

ஆக, வயரை அறுத்தவன் நான். அதை மறைத்தவன் நீ. எனக்காகத்தான் மறைத்தாய் என்பதும் புரிகிறது. அந்த ஒரு நாளுக்கு உன்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். ஆனால் அடுத்த வாரம்? வயரிங் தெரிந்தவன் நீ. ஏசி இழுக்கிற இழுப்புக்கு முறுக்கிய கம்பி தாங்காது என்று உனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே முதலாளி காலில் விழுந்து வேறு வயர் கேட்டிருப்பேனே. சரி, பயந்தாய், விடு. எரிந்த பிறகாவது? ஜாயிண்டு போட்டது தெரிந்தால் வயரை வீட்டுக்கு எடுத்துப்போனதும் தெரியும், உன் வேலை போகும். அதற்கு என் வேலையைக் கொடுத்தாய். அதைக்கூட நீ கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். கலாவும் அமுதாவும் சாப்பிட வேண்டுமே.

கேட்காமல் எடுத்துக்கொண்டாயே. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ சொல்ல வேண்டிய பார்தோனை என் வாயால் சொல்ல வைத்தாய். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னை மன்னிக்கவும் செய்தாய். துரோகம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் புரியவே இல்லை. அந்த வயரை ஏன் வைத்திருந்தாய்? தூக்கிப் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. என்றைக்காவது என்னிடம் காட்ட நினைத்தாயா? இல்லை, நல்ல வயராயிற்றே என்று மனசு வரவில்லையா? எரிந்த வயருக்கு எதற்கு பிளாஸ்டிக் பை மாட்டினாய்?

கலாவிடம் அன்றைக்கு உண்மையைச் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு, "ஆமாம்மா, நான்தான்" என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவள் முகம் வாடக் கூடாது என்று நானும் டேப் சுற்ற ஆரம்பித்துவிட்டேன். உன்னிடமிருந்து இதையும் நான் கற்றுக்கொள்ள வேண்டுமா?

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கடிதம் வேறு யார் கையிலும் போவதற்கு முன்னால் உன் வீட்டுக்குப் போய் கலாவுக்குப் படித்துக் காட்டுவேன். ஒரு வரி விடமாட்டேன். அவள் எழுந்து உள்ளே போனால் திரும்பி வரும்வரைக்கும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். என் கடப்பாரை வருகிற இடத்தையும் சத்தமாகவே படிப்பேன், உன் பெயர் வருகிற இடத்தையும் அப்படியே படிப்பேன். திங்கட்கிழமை அந்த வயரைத் தூக்கிக்கொண்டு முதலாளி ஷெட்டுக்குப் போவேன். வேலை கேட்க இல்லை. பத்துப் பேர் முன்னால் முப்பது மீட்டரையும் பிரித்துப் போட்டுக் காட்டிவிட்டு வந்துவிடுவேன்.

இன்றைக்குக் காலையில் டெம்போவை நிறுத்திவிட்டு டீக்கடைவரை நடந்துபோனேன். ஹேண்ட் பிரேக்கைப் பார்க்கத் திரும்பி வரவில்லை.

கோபம் தீர்ந்தபாடில்லை, ஆனாலும்
இன்றும் உன் மச்சான்,
வேலு