கண்ணுக்குக் கீழே இல்லை, கண்ணுக்குள்ளே

இன்று காலை என் இடது கண்ணின் மேலிருந்த பிளாஸ்டிக் மூடியை நர்ஸ் கழற்றினாள். கலங்கலாகத்தான் தெரிகிறது, தெளிய நாளாகுமாம். ஆனாலும் தெரிகிறது. உங்களிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் போனிடம் பேசுகிற அழகே அழகு. ரெட்டியார்பாளையத்தில் நம் பைக் உதிரிபாகக் கடையில் உட்கார்ந்து, மைக்கைத் தொட்டு, "வணக்கம்மா" என்று ஆரம்பிப்பீர்கள். பதில் வந்ததும் நன்றி சொல்ல ஒரு "மெர்சி" வேறு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா சிப்பாயாக இருந்த உங்கள் அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட மரியாதை. "மெஷினுக்கு எதுக்குங்க மெர்சி?" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

ஆனால் தேடுவதில் நீங்கள் கெட்டிக்காரர். தப்பான பதில் வந்தால் நான் போனைத் தூக்கிப் போட்டுவிடுவேன். நீங்கள் கடைக்கு வந்தவரிடம் விசாரிப்பதுபோல நிதானமாகத் திருத்துவீர்கள். "செயின் இல்லம்மா, செயினை மூடுற தகடு. புது மாடல் இல்ல, பழசு." என்னிடம், "கத்துனா வராது. எது இல்லன்னு சொல்லு. எதை விட்டுட்டமோ அதைச் சேரு" என்பீர்கள். இந்த உபதேசத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று நானும் முணுமுணுப்பேன்.

போன வாரம் கடையைத் திறக்கும்போது இடது கண்ணின் ஓரத்தில் கருப்பாக ஏதோ இறங்கியது. தூசி என்று கழுவினேன், போகவில்லை. பாரீசில் நம் மகள் தூங்குகிற நேரம். போனை எடுத்து, "கண்ணுல கருப்பு" என்றேன். கருவளையத்துக்கு வெள்ளரிக்காய் வைக்கச் சொன்னது! தூக்கிப் போடப் போன கை நின்றது.

"கண்ணுக்குக் கீழ இல்ல, கண்ணுக்குள்ள."

கண்புரை என்றது. மெல்ல மெல்ல வருமாம்.

"மெல்ல வரல. இன்னிக்குக் காலையில திடீர்னு. வலி இல்ல. ஓரத்துலேருந்து திரை மாதிரி இறங்குது."

விழித்திரை விலகியிருக்கலாம், இன்றே மருத்துவரைப் பாருங்கள் என்று வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

"நல்லவேளை, உடனே வந்தீங்க. சொட்டு மருந்து ஊத்திக்கிட்டே பார்வையை விட்டவங்க இருக்காங்க," என்றார் டாக்டர். "யாரு அனுப்புனது?"

"எங்க வீட்டுக்காரரு."

"வெளியில இருக்காரா? வரச் சொல்லுங்க, ஆபரேஷன் பத்திப் பேசணும்."

அங்கேதான் அழுதுவிட்டேன். பயத்தில் இல்லை, அந்த பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டுமே என்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு இப்ப உயிரோட இல்லீங்க டாக்டர். என்கிட்டயே சொல்லுங்க. எனக்குக் கேக்கத் தெரியும்," என்றேன். எல்லாவற்றையும் கேட்டேன், புரியாததைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

ஆபரேஷனுக்காக மகள் பறந்து வந்திருக்கிறாள். சற்றுமுன் போனிடம், குனிந்து சமைக்கலாமா என்று ஒரு சந்தேகம் கேட்டேன். முதல் பதில் சரியில்லை. எது இல்லையென்று சொன்னேன், விட்டதைச் சேர்த்தேன், சரியாக வந்தது. என்னையறியாமல், "மெர்சி" என்றேன்.

"மெஷினுக்கு எதுக்கும்மா மெர்சி?" என்று அவள் சிரிக்கிறாள். போனுக்குச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டாள்.